எடையைக் குறைப்போம், முதலைக் கரைக்காமல்

எடை போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாம். நூறு கிராம் சீரகம் முதல் மூட்டை அரிசி வரை நாள் முழுவதும் தராசில் ஏற்றி இறக்குகிறோம். ஆனால் நம் உடம்பின் எடையைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. எப்போதோ டாக்டரிடம் போன அன்று நர்ஸ் சொன்ன ஓர் எண் நினைவில் இருக்கும். அதுவும் இரண்டு வருடத்துக்கு முந்தைய கணக்காக இருக்கும்.

உடம்பில் எடை ஏறும் விதம், வாடிக்கைக்காரர் கணக்கில் பாக்கி ஏறும் விதம்தான். மாதம் கால் கிலோ என்றால் யார் கண்ணுக்கும் தெரியாது. வருடத்துக்கு மூன்று கிலோ. ஐந்து வருடத்தில் பதினைந்து கிலோ. பிறகு ஒரு நாள் சர்க்கரை நோய் வரப்போகிறது என்று டாக்டர் எச்சரிப்பார், அல்லது வீட்டில் கல்யாணத் தேதி குறிப்பார்கள். உடனே ஐந்து வருடப் பாக்கியைப் பதினைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும் என்று துடிக்கிறோம். அந்தத் துடிப்பை நம்பித்தான் "பத்து நாளில் பத்துக் கிலோ" என்ற விளம்பரங்கள் வாழ்கின்றன. ஜூஸ் மட்டும் குடிக்கச் சொல்பவர், ஒரு வேளை மட்டும் சாப்பிடச் சொல்பவர், பவுடர் கலக்கிக் குடிக்கச் சொல்பவர் என்று பலர் இருக்கிறார்கள். அந்தப் பவுடர் டப்பாக்களில் சில நம் கடை அலமாரியிலேயே இருக்கின்றன.

ஆகவே இந்த விஷயம் நமக்கு இரு வகையில் சொந்தமானது. உட்கார்ந்து தொழில் செய்யும் நம் உடம்புக்கும் இது வேண்டும். நம்மை நம்பிச் சரக்கு வாங்கும் குடும்பங்களுக்கும் வேண்டும். வேகமாக இளைக்கும் வழி எது, நிதானமாக இளைக்கும் வழி எது, இரண்டிலும் லாப நஷ்டம் என்ன என்பதை நமக்குப் பழக்கமான கணக்கு முறையிலேயே பார்ப்போம்.

நம் தொழில் தரும் தொந்தி

நம் முன்னோர் காலத்தில் கடைக்காரரே மூட்டை தூக்கினார். சந்தைக்கு நடந்தோ சைக்கிளிலோ போனார். இன்று சரக்கு கடை வாசலுக்கே வண்டியில் வருகிறது. இறக்க ஆள் இருக்கிறது. நாம் கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிறோம். வேலை குறைந்தது, சாப்பாடு குறையவில்லை, சாப்பிடும் நேரம் மட்டும் கெட்டுப்போனது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால், கூட்டம் தணிந்து டிபன் சாப்பிடப் பத்து மணி ஆகிறது. மதியச் சாப்பாடு மூன்றரைக்கு. ராத்திரி கடை அடைத்து வீடு போய் இலை போடும்போது பத்தரை. இடையில் கை சும்மா இருப்பதில்லை. பொட்டுக்கடலை ஒரு பிடி, மிக்சர் ஒரு பிடி, புதுச் சரக்கு வந்தால் ருசி பார்க்க ஒரு பிடி.

டீ கணக்கு தனி. கம்பெனிப் பிரதிநிதி வந்தால் ஒன்று, மண்டியிலிருந்து ஆள் வந்தால் ஒன்று என்று நாளைக்கு ஆறு டீ சாதாரணம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி, அதாவது 10 கிராம். ஆறு டீக்கு 60 கிராம். மாதத்துக்கு 1,800 கிராம். ஒரே ஆளுக்கு, டீயில் மட்டும் இவ்வளவு!

எவ்வளவு எடை அதிகம் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. மேல்நாட்டாருக்கு 25க்கு மேல் போனால் அதிக எடை. இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 எட்டினால் பருமன் என்று நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2009இல் வரையறுத்தார்கள். ஐந்தடி ஐந்து அங்குலம் உள்ளவருக்கு இந்த எல்லைகள் சுமார் 62½ கிலோவும் 68 கிலோவும் ஆகும். இதைவிட எளிய அளவு இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். இதைத் தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. அந்த வாசலில் நிற்பவர்களில் நம் கல்லாக்காரர்களும் இருக்கிறார்கள்.

பத்து நாளில் பத்துக் கிலோ: ஒரு வியாபாரியின் கணக்கு

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். நம்மிடம் ஒருவர் வந்து சந்தை விலையில் பாதிக்குச் சரக்கு தருகிறேன் என்றால் நாம் வாங்குவதற்கு முன் கணக்குப் பார்க்கிறோம் அல்லவா? இதற்கும் பார்ப்போம்.

உடம்பில் உள்ள ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. பத்துக் கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் 77,000 கலோரி செலவாக வேண்டும். கடையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான செலவே 2,000 கலோரி சுமாருக்குத்தான் வரும். அவர் பத்து நாளும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவுமே சாப்பிடாமல் கிடந்தாலும் 20,000 கலோரிதான் பற்று. இரண்டரைக் கிலோ கொழுப்புக்கு மேல் கரைய வழியில்லை. கணக்கிலேயே இடம் இல்லாத சரக்கை ஒருவர் விற்கிறார் என்றால் மீதி ஏழரைக் கிலோ எது என்று நாம் கேட்க வேண்டும்.

பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் அவசரச் செலவுக்கென்று மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடம்பு சேமித்து வைக்கிறது. இது அரைக் கிலோ அளவில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை நிறுத்தியதும் முதல் சில நாளில் இந்தச் சேமிப்பும் அதோடு சேர்ந்த தண்ணீரும் வெளியேறுகின்றன. தராசில் இரண்டு கிலோ குறைந்துவிடும், பார்ப்பவருக்கு ஆனந்தம். மறுபடி இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வரும். ஈரப்பதமாக வந்த மிளகாயைக் காயவைத்தால் எடை குறைவது போலத்தான் இது. சரக்கு குறையவில்லை, ஈரம் குறைந்தது.

மீதி, தசை. இதுதான் நாம் கவலைப்பட வேண்டிய இடம்.

முதல் கரைகிறது

கொழுப்பு என்பது தேங்கிக் கிடக்கும் சரக்கு. தசை என்பது தொழிலில் ஓடும் முதல். உடம்பு உட்கார்ந்திருக்கும்போதும் கலோரியைச் செலவழிப்பதில் தசைக்குப் பங்கு உண்டு. சாப்பிட்ட பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையை இழுத்துக்கொள்வதும் பெரும்பாலும் தசைதான். சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால், அதிலும் பருப்பு, பால், முட்டை போன்ற புரத உணவையும் நிறுத்தினால், உடம்பு தேங்கிய சரக்கை மட்டும் விற்பதில்லை. முதலிலும் கை வைக்கிறது. பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்புதான். தராசு பழைய எண்ணையே காட்டும். ஆனால் உள்ளே தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கும். இப்படி நாலைந்து முறை இளைத்துப் பருத்தவர் ஒவ்வொரு முறையும் முதலை இழந்தவர் ஆகிறார்.

இந்தியர்களுக்கு இந்த நஷ்டம் இன்னும் பெரியது. புனே நகரத்து மருத்துவ விஞ்ஞானி யாஜ்னிக்கும் இங்கிலாந்து விஞ்ஞானி யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒரே எடைக்கு நம்மவர்களிடம் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பதற்கு அந்தப் படம் எடுத்துக்காட்டாக நிற்கிறது. குறைந்த முதலோடு தொழில் நடத்துபவர் அதையும் விற்றுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அவசர இளைப்பில் வேறு ஆபத்துகளும் உண்டு. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழலாம். நம்மில் நாற்பது வயதைத் தாண்டிய பலர் ஏதாவது ஒரு மாத்திரை சாப்பிடுபவர்கள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

பழைய ஏடுகள் சொல்வது

இந்த விஷயத்தில் உலகுக்கு முதலில் வழி காட்டியவர்களில் ஒருவர் வியாபாரிதான். லண்டன் நகரில் சவப்பெட்டி செய்து இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர் 1862 ஆகஸ்டில் 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ இருந்தார். ரொட்டி, சீனி, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றை டாக்டர் ஆலோசனைப்படி விலக்கினார். 1863 செப்டம்பரில் 156 பவுண்டுக்கு, அதாவது சுமார் 71 கிலோவுக்கு வந்தார். தம் அனுபவத்தைச் சொந்தச் செலவில் சிறு புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார். அது நாடெங்கும் பரவி, எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துவதற்கே ஆங்கிலத்தில் அவர் பெயர் வழங்கலாயிற்று. நாம் கவனிக்க வேண்டியது வேகத்தை. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு 21 கிலோ குறைத்தார். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. அவர் 1878 வரை, 81 வயது வாழ்ந்தார்.

பட்டினியின் ஏடு வேறு விதம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார். 1945இல் 24 வாரம் அவர்களுக்கு நாளொன்றுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவான உணவு கொடுக்கப்பட்டது. எடையில் கால் பங்கு குறைந்தது. ஆனால் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. எப்போதும் குளிர், எதற்கும் எரிச்சல், இரவும் பகலும் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தவர்களும் உண்டு. சோதனை முடிந்து தாராளமாகச் சாப்பிடலாம் என்றதும் அவர்கள் உடம்பில் கொழுப்பு பழைய அளவையும் தாண்டிச் சேர்ந்தது. இவர்கள் பருமனானவர்கள் அல்ல என்பது உண்மை. ஆனால் இன்றைய அவசரத் திட்டங்கள் பல அவர்களுக்குக் கொடுத்ததில் பாதியைத்தான் கொடுக்கின்றன.

மூன்றாவது ஏடு, பவுடரும் திரவமும் விற்பவர்கள் படிக்க வேண்டியது. 1976இல் அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிய புத்தகத்தால் திரவப் புரத உணவு பிரபலமானது. மாட்டுத் தோல் முதலிய கழிவுகளிலிருந்து எடுத்த தரம் குறைந்த புரதம் அதில் இருந்தது. வேறு உணவே இல்லாமல் அதை மட்டும் குடித்து வந்தவர்களில் 50க்கும் மேற்பட்டோர் இறந்ததாக 1977, 78ஆம் ஆண்டுகளில் அரசுக்குத் தகவல் வந்தது. இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் அதில் இருந்தார்கள். கடைகளில் வெளிப்படையாக விற்ற சரக்கு அது.

வேகம் மட்டுமே குற்றமா?

நடுநிலையாகச் சொல்ல வேண்டுமானால் இன்னொரு பக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 200 பேரை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தி, முடிவை 2014இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் 12 வாரத்தில் வேகமாக இளைத்தார்கள். மற்றவர்கள் 36 வாரத்தில் மெல்ல இளைத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருமே இழந்த எடையில் சுமார் 70 சதவீதத்தைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். மெல்ல இளைத்தவர்கள் என்பதற்காக எடை திரும்பாமல் இருந்துவிடவில்லை.

பிரிட்டனில் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளைக்கு 850 கலோரிக்குள் திரவ உணவு கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலையை அடைந்தார்கள். ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. மாத்திரைகளை டாக்டரே நிறுத்தினார். அந்தத் திரவத்தில் தேவையான சத்துகள் அளந்து சேர்க்கப்பட்டிருந்தன. பிறகு சாதாரண உணவுக்குப் படிப்படியாகத் திருப்பி, மாதாமாதம் வரவழைத்துப் பார்த்தார்கள்.

இவற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். எடை எத்தனை நாளில் இறங்கியது என்பது முக்கியக் கேள்வி இல்லை. கொழுப்பிலிருந்து இறங்கியதா, தசையிலிருந்து இறங்கியதா என்பது முதல் கேள்வி. இறங்கிய பிறகு ஆயுள் முழுவதும் கடைப்பிடிக்கக்கூடிய சாப்பாட்டு முறை கையில் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. பத்து நாள் ஜூஸ் குடித்தவருக்குப் பதினொன்றாம் நாள் என்ன சாப்பிடுவது என்று தெரியாது. பழைய சாப்பாட்டுக்கே போவார். ஆறு மாதம் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சாப்பிட்டவருக்கோ அதுவே பழக்கமாகியிருக்கும். நிதான வழிக்கு மதிப்பு இந்தப் பழக்கத்தால்தான். அதையும் பாதியில் கைவிட்டால் எடை திரும்பத்தான் செய்யும்.

இப்போது வந்திருக்கும் ஊசி மருந்துகளுக்கும் இது பொருந்தும். செமாக்ளுடைட் என்ற மருந்தை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்துக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் சொல்லக் கூடாது.

நிதான வழியின் கணக்கு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, வாரம் அரைக் கிலோ குறைப்பது பாதுகாப்பானது என்கிறது. எடை குறைப்பவரின் உணவு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கிறது. அரைக் கிலோ கொழுப்புக்கு 3,850 கலோரி. ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 550. இதைப் பட்டினி இல்லாமல் எங்கிருந்து எடுப்பது?

ஆறு டீயை மூன்றாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சீனி மட்டும் போட்டால் 60 கிராம் சீனி 15 கிராமாகும். மிச்சம் 180 கலோரி. கடையில் தின்னும் மிக்சர் 50 கிராமை நிறுத்தினால் சுமார் 250 கலோரி. முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 150 கலோரி. மொத்தம் 580. இதில் சாப்பாட்டு இலையில் இன்னும் கையே வைக்கவில்லை! உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் சற்றுக் குறையும் என்பதால் சில மாதத்துக்குப் பின் வேகம் தணியும். மார்கழியில் ஒரு வியாபாரம், ஆடியில் ஒரு வியாபாரம் என்று பார்த்துப் பழகிய நாம் இதற்குப் பதற வேண்டியதில்லை.

இலைக்கு வந்தால், மாதச் சாமான் சிட்டையே நமக்கு நல்ல வழிகாட்டி. ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது என்பது அவர்கள் வீட்டு டாக்டரைவிட மளிகைக்காரருக்கு நன்றாகத் தெரியும். உலகச் சுகாதார நிறுவனமும் நம் தேசிய நிறுவனமும் சொல்லும் அளவுகளை நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டின் ஒரு மாதச் சிட்டையாகப் போட்டுப் பார்த்தோம்.

சீனி: ஆளுக்கு நாளைக்கு 25 கிராம் வீதம் மூன்று கிலோ. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் இதற்குள் அடக்கம்.

உப்பு: 5 கிராம் வீதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் வரும் உப்பும் இதில் சேரும்.

எண்ணெய்: 27 கிராம் வீதம் சுமார் மூன்றரை லிட்டர், நெய் உட்பட.

அரிசி, கோதுமை, சிறுதானியம்: 250 கிராம் வீதம் 30 கிலோ. 2022 ஜூலை வரி மாற்றத்துக்குப் பின் நமக்குப் பழகிப்போன 26 கிலோ சிப்பம் ஒன்றும், மேலே நாலு கிலோ கோதுமை அல்லது கேழ்வரகும்.

பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு: 85 கிராம் வீதம் பத்துக் கிலோ. முட்டை, மீன், கறி சாப்பிடுபவர்கள் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

நம் கடைக்கு வரும் சிட்டைகளோடு இதை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். சீனி ஐந்து கிலோ, எண்ணெய் ஆறு லிட்டர், அரிசி இரண்டு சிப்பம், பருப்பு மட்டும் மூன்று கிலோ என்று எழுதிவரும் வீடுகள் நிறைய. எடை குறைக்க நினைப்பவர் இந்தச் சிட்டையைத் திருத்தினால் போதும். தனிப் பவுடர் வேண்டாம். பருப்பும் பயறும் கூடினால் புரதம் கிடைக்கும், தசை காப்பாற்றப்படும், பசியும் தாங்கும். இலையில் பாதி காய்கறியும் கீரையும் இருந்தால் சோறு தானாகக் குறையும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு, ஆகவே நல்ல உணவு. ஆனால் மூன்று தட்டுச் சோற்றுக்கு மேல் கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்பு கரையாது. அதேபோல் சாமை, தினை, வரகு ஆகியவற்றிலும் அரிசி அளவுக்கே கலோரி உண்டு. நார்ச்சத்து கூடுதல் என்பதால் குறைவாகச் சாப்பிட்டாலே வயிறு நிறையும், அதில்தான் பலன். வாடிக்கைக்காரரிடம் இப்படிச் சொல்லி விற்றால் அவர் மறுபடியும் நம்மிடமே வருவார்.

கடை நேரத்துக்கு ஏற்ற ஒழுங்கு

முதலாவது, நேரம். காலை எட்டரைக்குள் டிபன், இரண்டு மணிக்குள் மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அரை மணி நேரம் கல்லாவில் உட்கார மகனையோ தம்பியையோ பழக்கினால் உடம்புக்கும் நல்லது, அவர்களுக்கும் தொழில் வரும். ராத்திரிச் சாப்பாட்டைக் கடையிலேயே எட்டு மணிக்கு முடித்துவிடலாம். இரண்டு இட்லி அல்லது சப்பாத்தியும் காய்கறியும் டிபன் கேரியரில் வந்தால் போதும். பத்தரைக்குப் பரோட்டா தேவைப்படாது.

இரண்டாவது, நடை. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. தினமும் அரை மணி நேர நடையும் உணவு ஒழுங்கும் மட்டுமே சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. எடை பெரிதாக இறங்காமலே இந்தப் பலன் கிடைத்தது என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. தராசு அசையவில்லையே என்று நடையை நிறுத்துபவர்கள் இதைப் படிக்க வேண்டும். நடையோடு வாரம் இரண்டு மூன்று நாள் கைகால் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். முதுகு, மூட்டு வலி இல்லாதவர்கள் ஐந்து கிலோ, பத்துக் கிலோப் பைகளைத் தாமே எடுத்து அடுக்கினாலும் பயன் உண்டு.

மூன்றாவது, கணக்கு. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு நடத்தி வருகிறார்கள். 13½ கிலோவுக்குமேல் குறைத்து, ஒரு வருடமாவது அதைக் காப்பாற்றியவர்களே அதில் சேரலாம். அவர்களில் பெரும்பாலோரிடம் கண்ட பழக்கங்கள் மூன்று: காலை உணவைத் தவறவிடாமை, தினமும் ஒரு மணி நேரம் உடலுழைப்பு, வாரம் ஒரு முறையாவது எடை பார்த்தல். நமக்கு இது கஷ்டமா? வருடா வருடம் முத்திரை போட்ட தராசு கடையிலேயே இருக்கிறது. வாரம் ஒரே கிழமையில், காலையில் டிபனுக்கு முன் ஏறி நின்று, எண்ணை நோட்டில் எழுதி வைப்போம். தினம் தினம் பார்த்துப் பயப்பட வேண்டாம். உப்பும் தண்ணீரும் ஒரு கிலோ வரை ஏற்ற இறக்கம் காட்டும். மாதம் ஒரு முறை இடுப்பையும் டேப்பால் அளந்து எழுதலாம்.

நம் அலமாரியில் இருக்கும் சரக்கு

கடைசியாக, நம் பொறுப்பு. உடல் பருமனைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வு விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. அதன் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. உணவுப் பொருள் என்ற பெயரில் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதற்கும் 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தரவில்லை. கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன தட்டியைக் கடை முன் கட்டும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது நல்லது. உரிம எண் இல்லாத, உள்ளடக்கம் அச்சிடாத எடைக் குறைப்புப் பவுடரை லாபம் எவ்வளவு நின்றாலும் வாங்கி வைக்கக் கூடாது.

நாட்டு மருந்துச் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெங்காரம் தின்றால் உடம்பு இளைக்கும் என்று கேள்விப்பட்டு வாங்க வருபவர்கள் உண்டு. அது போராக்ஸ், உணவில் சேர்க்க அனுமதி இல்லாத பொருள், உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. எதற்கு என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. சாப்பிட என்று சொன்னால் எந்த விலைக்கும் கொடுக்கக் கூடாது. பேதிக்குரிய சரக்குகளை இளைப்பதற்காக மாதக்கணக்கில் வாங்கிப் போகும் சின்ன வயதுப் பெண்களைக் கண்டால், இரண்டு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி டாக்டரிடம் போகச் சொல்வது நம் கடமை. பத்து ரூபாய் வியாபாரம் போனாலும் பாதகம் இல்லை.

நம் சங்கக் கிளைகள் மருத்துவ முகாம் நடத்தும்போது ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பதோடு இடுப்பளவையும் எடையையும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து அதே அட்டையோடு மீண்டும் வரச் செய்தால் பெரும் பயன் விளையும். தனியாக ஆரம்பிப்பது கடினம் என்பவர்கள் பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கடை திறப்பதற்கு முன் சேர்ந்து நடக்கலாம். வரும் திங்கட்கிழமை காலை கடைத் தராசில் ஏறி நின்று முதல் எண்ணை எழுதுங்கள். கொள்முதல் சிட்டையில் வீட்டுக்கென்று எழுதும் சீனியில் ஒரு கிலோவை அடித்துவிட்டு, பயறில் ஒரு கிலோ கூட்டி எழுதுங்கள். மற்றது மாதாமாதம் தானே நடக்கும்.